பின்கூடைக்காரி

ராக்கம்மாவுக்கு அன்றைக்கும் காலையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. வெயில் எங்கே இருந்தது, பற்றிக்கொள்ள? காப்பிச் செடியெல்லாம் பனியில் நனைந்து தொங்கின. இடுப்புக்குக் கீழே சேலை தெப்பம். காலில் அட்டை வேறு. ஆனாலும் அடிவயிறு மட்டும் திகுதிகுவென்று எரிந்தது. நாலு நிரை தள்ளிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அங்கம்மா பாட ஆரம்பித்துவிட்டாள், அதுதான் காரணம்.

யானை போன தடம் பாரு அங்கம்மா – அதுல
பானை முங்கத் தண்ணி பாரு அங்கம்மா
தோளு மாத்தித் தூக்கையில அங்கம்மா – கூடை
தூளியாட்டம் ஆடுதடி அங்கம்மா

ஒவ்வொரு அடியின் கடைசியிலும் அந்தப் பேர் வரும்போது சரிவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அங்கம்மா, அங்கம்மா, அங்கம்மா! ஹேவாஹெட்ட மலை முழுக்க அந்தப் பேர்தான். எதிர்மலைக் காட்டில் பட்டு அது திரும்பியும் வந்தது. போனதுதான் போனது, போன இடத்திலேயே கிடக்கக் கூடாதா? ராக்கம்மா ஒரு கொப்பை இழுத்த இழுப்பில் பழத்தோடு கொப்பும் கையோடு வந்துவிட்டது.

"ஏ ராக்கம்மா! செடியை முறிக்கவா வந்தே?" என்று கங்காணி மேலேயிருந்து கத்தினான்.

பாடுகிறவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். பாட்டு இருந்தால் கை ஓடுகிறதாம், சாக்கு சீக்கிரம் நிறைகிறதாம். அதனால் அங்கம்மாவுக்கு எப்போதும் பழம் கொழிக்கிற நடு நிரை. ராக்கம்மாவுக்குக் காட்டோரத்து நிரை, குரங்கு தின்றது போக மிச்சம்.

அந்தப் பாட்டு அங்கம்மா கட்டிய பாட்டாக இருந்தால் ராக்கம்மா போனால் போகிறது என்று விட்டிருப்பாள். சத்தியமாக விட்டிருப்பாள். ஆனால் அது அவர்களுடைய தாத்தா இருளப்பன் பாட்டு. இருளப்பன் இரண்டு பேருக்கும் தாத்தா. அங்கம்மா அவருடைய மகன் பெற்ற பிள்ளை, ராக்கம்மா மகள் பெற்ற பிள்ளை. மாமன் மகள், அத்தை மகள் முறை. அங்கம்மா ஒரு வயது மூத்தவள் என்பதால் ராக்கம்மா அவளை மதினி என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள், கோபமில்லாத நாட்களில்.

காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்த அந்தக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையிலேயே நடந்து, மாத்தளை வழியாகத்தான் கண்டிக்கு வர வேண்டும். அங்கம்மாவின் அப்பனும் ஆத்தாளும் முன்கூட்டியே தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். மறுவருசம் பெரியவர் இருளப்பன் விதவையாகிவிட்ட மகளையும் இரண்டு பேத்திகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மகள் நடந்தாள். பேத்திகள் எங்கே நடப்பது? தோளில் ஒரு மூங்கில் கம்பைப் போட்டு, முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கூடை கட்டி, முன்கூடையில் அங்கம்மாவையும் பின்கூடையில் ராக்கம்மாவையும் உட்கார வைத்துத் தூக்கிவந்தார். தூக்கிக்கொண்டே பாடினார். பாதி வழியில் ராக்கம்மாவின் ஆத்தாள் பேதியில் செத்துப்போனாள். அதற்குப் பிறகும் பாடினார். தோட்டத்துக்கு வந்த பிறகும், சாகிற வரைக்கும், அந்தப் பாட்டுகளைத்தான் பாடினார்.

ராக்கம்மாவுக்கு அந்தப் பயணத்தில் நினைவிருப்பது ஒரே இருட்டு. பின்கூடைக்கு மேலே கம்பளியைப் போட்டு மூடியிருந்தார்கள். காற்று வராது, எதுவும் தெரியாது. உள்ளே அவள் மூட்டை முடிச்சு மாதிரிக் கிடந்தாள். வெளியே தாத்தாவின் குரல் மட்டும் கேட்டது. அந்தக் குரல் ஒருதரமாவது ராக்கம்மா என்று சொன்னதா என்றால், இல்லை. முன்கூடைக்காரி யானைத் தடம் பார்த்துக்கொண்டு, மயில் பார்த்துக்கொண்டு, ராணி மாதிரி வந்தாள். அவளுக்குத்தான் பாட்டு, அவளுக்குத்தான் பேர். தோட்டத்துக்கு வந்த பிறகும் தாத்தா அவளை 'அங்கம்மா' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். இவளை 'ஏ புள்ள' என்பார். ஏ புள்ள! கோழிக்குஞ்சைக் கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

மகன் பிள்ளை ஒசத்தி, மகள் பிள்ளை எளப்பம், வேறென்ன? இத்தனை வருசமாக ராக்கம்மா மென்று விழுங்கி வந்தது இதைத்தான்.

அதுவும் போகட்டும். இப்போது ராக்கம்மாவின் மகள் பேச்சியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். பேச்சிக்கு நாலு வயது. பொழுது சாய்ந்தால் போதும், பக்கத்து அறைக்கு ஓடிவிடுவாள். மானாப்புல் வேய்ந்த அந்த லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், அடுத்தடுத்த அறைதான் இரண்டு பேருக்கும். நடுவில் மண்சுவர், அதுவும் அரைச்சுவர். அங்கம்மாவுக்குப் புருஷன் பன்வில பக்கம் போனவன் போனவன்தான், திரும்பவில்லை. அழகமுத்து என்று ஒரு ஆண்பிள்ளை இருந்து, நடக்கப் பழகும் முன்னே காய்ச்சலில் போய்விட்டது. அதனால் பேச்சியை மடியில் போட்டுக்கொண்டு தாத்தா பாட்டைப் பாடித் தூங்க வைப்பதில் அவளுக்கு ஒரு நிறைவு. நிறைவா? ராக்கம்மாவைக் கேட்டால் களவு என்பாள். பெற்ற வலி ஒருத்திக்கு, தாலாட்டுகிற சுகம் இன்னொருத்திக்கா?

மொட்டப்பாறை மேல ரெண்டு மொசலு நிக்குது
முன்ன போயிப் பாத்தாக்கா ஒண்ணு நிக்குது
ஒண்ணு எங்க ஒண்ணு எங்க அங்கம்மா – அது
ஓடிப் போயி ஒளிஞ்சுக்கிச்சே அங்கம்மா

சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ராக்கம்மா கேட்பாள். ஊர் உலகத்தில் எந்தப் பொம்பளையாவது அடுத்தவள் பிள்ளைக்குத் தாலாட்டும்போது தன் பேரைப் போட்டுப் பாடுவாளா? பிள்ளை பேரைத்தானே போட வேண்டும்? ஒருநாளாவது 'பேச்சியம்மா' என்று மாற்றிப் பாடினாளா? மாட்டாள். தன் பேர்மேல் அவ்வளவு ஆசை!

அந்த வாரம் மேட்டு லயத்தில் பிள்ளைகளுக்குப் பேதி கண்டிருந்தது. கங்காணி அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டான். ராக்கம்மா அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, "வெளியே போகாத, எங்கூடப் படு" என்று பேச்சியைப் பிடித்து வைத்தாள். பேச்சி சிணுங்கினாள். பாட்டு வேண்டுமாம்.

"நான் பாடுறேன். எனக்குத் தெரியாதா? எனக்கும் தாத்தாதான்" என்றாள் ராக்கம்மா.

பாடினாள். கட்டைக் குரல்தான், அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் 'அங்கம்மா' வரும் இடம் வந்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, 'ராக்கம்மா' என்று பாடிவிட்டாள்.

ஒண்ணு எங்க ஒண்ணு எங்க ராக்கம்மா – அது
ஓடிப் போயி ஒளிஞ்சுக்கிச்சே ராக்கம்மா

அடடா, எவ்வளவு பாந்தமாக உட்கார்ந்தது! ராகம் ஒரு இம்மி இடறவில்லை. பாட்டே அதற்காகக் கட்டினது மாதிரி இருந்தது. முதலில் சந்தோசமாக இருந்தது. அப்புறம் அந்தச் சந்தோசமே திரும்பி நெஞ்சைக் கடித்தது. இவ்வளவு சுலபமா? தாத்தா நினைத்திருந்தால் ஒரு வரியில் மட்டும் மாற்றியிருக்கலாமே. ஒரே ஒரு வரியில். வாய் வலித்தா இருக்கும்?

"தப்பும்மா. ராக்கம்மா இல்ல, அங்கம்மா" என்றாள் பேச்சி.

"தப்பு என்னடி தப்பு?"

"அத்தை அப்பிடித்தான் பாடும்."

ராக்கம்மா பிள்ளையை ஒரு அறை அறைந்திருப்பாள். அதற்குள் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. அங்கம்மா நின்றாள். அரைச்சுவர் ஆயிற்றே, எல்லாம் கேட்டிருக்கிறது.

"ராக்கு, அந்தப் பாட்டுல உன் பேரைப் போடாத" என்றாள்.

"ஏன்? பாட்டு உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"தாத்தா எப்பிடிப் பாடினாரோ அப்பிடிப் பாடு. இல்லாட்டி பாடாம விடு."

"தாத்தா பாடினதை நீ மட்டும்தான் கேட்டியோ? நானும் கூடைக்குள்ளதான் இருந்தேன், மதினி. பொணம் மாதிரி மூடிவச்சிருந்தாலும் காது இருந்துச்சு எனக்கு."

"அப்பத் தெரியுமில்ல, அவர் யார் பேரைப் பாடினாருன்னு?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ராக்கம்மா விருட்டென்று எழுந்தாள். லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அவளுடைய புருஷன் லெட்சுமணன், "செத்த மனுசன் பாட்டுக்கா உசிரோட இருக்கிறவங்க அடிச்சுக்கிறது? வெட்கங்கெட்ட சண்டை" என்று கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டாள்.

"எம் பேரும் அந்தப் பாட்டுல இருந்திருக்கும்! ஒரு வரி உனக்கு, ஒரு வரி எனக்குன்னுதான் பாடியிருப்பாரு. நான் சின்னப் புள்ள, நினைப்பில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு, நீ எம் பேரை வழிச்செடுத்துட்டு உன் பேரை அப்பியிருக்கே. பாட்டுக் களவாணி!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராக்கம்மா அதோடு விடவில்லை.

"கண்டி வண்டிப்பேட்டையில கணபதி மாமா இருக்காரு. நம்ம கூட நடந்துவந்த ஆளு. தாத்தாவுக்குப் பின்னாலேயே பானை சட்டி தூக்கிட்டு வந்தவரு. ஞாயித்துக்கிழமை போயி அவர்கிட்டக் கேக்குறேன். கேட்டுட்டு வந்து, இதே இடத்துல வச்சு உன் வண்டவாளத்தைச் சொல்றேன்."

அப்போதுதான் அங்கம்மாவின் முகம் மாறியது. லயமே பார்த்தது. முகத்தில் ரத்தம் இல்லை.

"போகாத ராக்கு. அதைக் கேக்காத. சொன்னாக் கேளு, போகாத."

அகப்பட்டாள்! ராக்கம்மாவுக்கு அந்த நிமிசமே தெரிந்துபோய்விட்டது. மடியில் கனம் இல்லாதவள் ஏன் பயப்படுகிறாள்? பேர் இருந்திருக்கிறது. தாத்தா பாடியிருக்கிறார். இவள்தான் தின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பேச்சியை அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவும் விடவில்லை. பிள்ளை பொழுதுசாயும் நேரத்தில் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் பாட்டு இல்லை. நிரையிலும் அங்கம்மா பாடவில்லை. கங்காணிக்கு முகம் உர்ரென்று ஆயிற்று. ராக்கம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேரட்டு இல்லை, ஆள் கணக்குக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. விடியும் முன்னே கிளம்பி, தலாத்துஓயா வழியாக இறங்கி, ஓடையில் முகம் கழுவி, வளைந்து வளைந்து போகிற பாதையில் நடையாக நடந்து, கண்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்படியே தீபாவளிக்குப் பிள்ளைக்குச் சீட்டித்துணியும் எடுத்து வருவதாக லெட்சுமணனிடம் சொல்லியிருந்தாள். கடைவீதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ரயில் ஸ்டேசன் பக்கம் வண்டிப்பேட்டைக்குப் போனாள். காப்பி மூட்டை இறக்கிவிட்டு வந்த மாடுகள் அசைபோட்டுக் கிடந்தன. கணபதி ஒரு சக்கரத்தில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நரைத்துப்போயிருந்தார்.

"மாமா, நான் இருளப்பன் பேத்தி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இருளப்பன் பேத்தியா? முன்கூடையா, பின்கூடையா?"

இங்கேயும் முன்கூடைதான் முதலிலா என்று ராக்கம்மாவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. "பின்கூடை" என்றாள்.

கணபதி வெற்றிலையைத் துப்பினார். எழுந்து நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார். "பின்கூடையா? பொழச்சுக்கிட்டியா ஆத்தா? கண்டி வந்ததும் நான் வண்டி ஓட்டப் போயிட்டேன், உங்க சேதியே தெரியாது. மாத்தளை தாண்ட மாட்டேன்னுல்ல நாங்கல்லாம் நினைச்சோம் உன்னைய!"

"நான் ஒண்ணு கேக்கணும். தாத்தா பாடிட்டு வந்தாரே, அந்தப் பாட்டுல எம் பேரு இருந்துச்சா இல்லையா? நீங்க பின்னாலயே வந்தீங்க. மறைக்காமச் சொல்லுங்க."

"இருந்துச்சே. முதல்ல இருந்துச்சு. ஒரு வரி அவளுக்கு, ஒரு வரி உனக்கு. கூடைக்கு ஒரு வரி."

ராக்கம்மா படாரென்று கைதட்டிவிட்டாள். பேட்டையில் மாடெல்லாம் திரும்பிப் பார்த்தன. "அப்பிடிச் சொல்லுங்க! அவ திருடித்தான் இருக்கா!"

"யாரும் திருடலை ஆத்தா. எடுத்தது அவருதான். உன் ஆத்தா செத்த அன்னைக்கு."

சொன்னார். தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் காட்டுக்குள் வைத்து அவளுடைய ஆத்தாளுக்குப் பேதி கண்டது. காலையில் கண்டு, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அவள் வாயில் வேறு பேச்சே இல்லை. 'ராக்கு, ராக்கு, என்கிட்ட வா ராக்கு' என்று பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாள். கூப்பிட்டபடியே போய்விட்டாள். பாதையோரம் குழி வெட்டி மூடினார்கள். அன்று ராத்திரியே பிள்ளைக்கும் மேல் சுட்டது. இருளப்பன் ஆடிப்போய்விட்டார். செத்தவள் கூப்பிட்ட பேர் காட்டுக்குள்ளேயே சுற்றும், பின்னாலேயே வரும், அந்தப் பேருக்குப் பிள்ளை ஒருதரம் 'ம்' என்று சொல்லிவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயந்தார். விடிந்ததும் கூட நடந்த அத்தனை பேர் காலிலும் விழாத குறையாகக் கேட்டார்: இனி யாரும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது.

"தான் போத்தியிருந்த கம்பளியைக் கழட்டி உன் கூடையை மூடினாரு. மழையில வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே நடந்தாரு அந்த மனுசன். உன் பேரை எடுத்துட்டு, எல்லா வரியிலயும் அந்தப் பொண்ணு பேரைப் போட்டு, தொண்டை கிழியப் பாடினாரு. பின்னால வர்றது எதுவானாலும் கூடையில ஒரு புள்ளதான் இருக்குன்னு நினைக்கட்டும், பின்கூடையில பானை சட்டின்னு நினைக்கட்டும்னு."

கணபதி மறுபடியும் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குக் கேக்கப் பொறுக்கலை. 'ஏன் பெரியவரே, முன்கூடையில இருக்கிறதும் உம்ம பேத்திதானே, அது பேரை இப்பிடிக் காட்டுக்குப் போட்டுக் குடுக்கிறீரே'ன்னு கேட்டே விட்டேன். அவரு பதிலே சொல்லலை. பாட்டை மட்டும் நிறுத்தலை."

திரும்பி ஏறும்போது ராக்கம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு மேட்டையும் எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எனக்காக! தாத்தா எனக்காக! கம்பளி எனக்கு, நடுக்கம் அவருக்கு. நான் மூட்டை முடிச்சு இல்லை. பொத்திவைத்த பொருள் நான். முன்கூடைக்காரிதான் காட்டுக்கு முன்னால் கட்டிவிட்ட ஆடு. இத்தனை வருசமும் அந்த ஆடு தன் கழுத்துக் கயிற்றை நகை என்று நினைத்துக்கொண்டு மலை முழுக்கக் கத்தித் திரிந்திருக்கிறது!

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். லயத்து வாசலில் நின்று சொல்ல வேண்டும். அங்கம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொல்ல வேண்டும். 'உன்னைய அவர் தூக்கி எறிஞ்சாருடி' என்று ஆரம்பிக்கலாமா? இல்லை, 'உம் பேரு செத்தாலும் பரவாயில்லைன்னுதான் பாடினாரு' என்று சொன்னால் இன்னும் நன்றாகத் தைக்கும். ஓடையைத் தாண்டும்போது மட்டும் ஒருதரம் ஆத்தாள் நினைப்பு வந்தது. முகமே நினைவில்லாத ஆத்தாள், ராக்கு ராக்கு என்று கூப்பிட்டபடி கிடந்தாளாம். தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு நடந்தாள். அழுவதற்கு நாள் இருக்கிறது. முதலில் அங்கம்மா.

லயத்துக்கு வரும்போது அடுப்புப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைக் காணோம்.

"மத்தியானத்துல இருந்து ஒரே அழுகை. அங்கதான் இருக்கா" என்று பக்கத்து அறையைக் காட்டினான் லெட்சுமணன். "என்னைய முறைக்காத. பிள்ளை கேட்டுச்சு, விட்டேன்."

அங்கம்மா அறைக்குள் பேச்சி அவள் மடியில் படுத்திருந்தாள். ராக்கம்மா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். ஆத்தாள் கூப்பிட்டது, கம்பளி, காட்டுக்குள் ஒளித்த பேர், எல்லாம். கடைசியாக, வழியெல்லாம் தீட்டிக்கொண்டு வந்ததையும் சொன்னாள்.

"என்னையக் காப்பாத்த உன்னையக் காட்டுக்குக் காட்டினாரு. உம் பேரு போனாலும் பரவாயில்லைன்னுதான்டி பாடினாரு! இதையா நீ இத்தனை நாளும் பெருமையாப் பாடிட்டுத் திரிஞ்சே?"

அங்கம்மா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். முன்கூடையில இருந்தவ நான். கணபதி மாமா கேட்டதும் கேட்டுச்சு, தாத்தா பதில் சொல்லாததும் கேட்டுச்சு. எனக்குப் புரியாதுன்னு நினைச்சாங்க. புரிஞ்சுச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "என் பேரைப் பாடுவாரு. ஆனா கழுத்தைத் திருப்பித் திருப்பி உன் கூடையைத்தான் பாப்பாரு. நான் பாத்துட்டு வந்தது அவரோட பிடரியத்தான். ஒருதரம் என்னையப் பாக்கட்டுமேன்னு கூடையைப் போட்டு ஆட்டுனேன். 'ஆடாத அங்கம்மா'ன்னாரு. அதையும் ராகத்தோடதான் சொன்னாரு, திரும்பலை. உம் மேல எனக்கு எரிஞ்ச எரிச்சல் உனக்குத் தெரியுமா ராக்கு? கம்பளிக்குள்ள சுகமாத் தூங்குறாளே, இவளைப் பேதி கொண்டுபோகக் கூடாதான்னு நினைச்சேன். நினைச்சுட்டு, பயந்து நானும் அவர் கூடச் சேர்ந்து எம் பேரையே பாடினேன்."

தான் தீட்டிக்கொண்டு வந்த கத்தி எங்கே போயிற்று என்று ராக்கம்மாவுக்குத் தெரியவில்லை. கை வெறுங்கையாக இருந்தது. ஆனாலும் விடுகிறவளா அவள்?

"அம்புட்டும் தெரிஞ்சவ, அந்தப் பேரை வச்சு எதுக்கு இன்னும் பாடுறே? நிரையில பாடு, தொலையட்டும். எம் பிள்ளைக்குப் பாடும்போதாவது அவ பேரைப் போட்டா குறைஞ்சா போயிடுவே? ஊரெல்லாம் பிள்ளை பேரை வச்சுத்தானே தாலாட்டுது?"

அங்கம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அழகமுத்துக்கு அவன் பேரை வச்சுத்தான் பாடினேன்" என்றாள்.

ராக்கம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேட்டு லயத்தின் பக்கமிருந்து யாரோ ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லி அழுகிற சத்தம் காற்றில் வந்துபோனது. இந்த வாரம் பூராவும் வந்துகொண்டிருந்த சத்தம்தான். அவள் இன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டாள். பேச்சி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு பொழுதும் இந்தப் பொம்பளை அடுத்த அறையில் உட்கார்ந்து, பிள்ளையின் பேரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, தன் பேரை வெளியே எடுத்துச் சாவுக்கு நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ராக்கம்மா கரித்துக் கொட்டியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்குள்ளேயும் ஒரு பொறாமை முளைத்தது பாருங்கள்! என் பிள்ளைக்கு நான் செய்ய வேண்டியதை இவள் அல்லவா செய்துவிட்டாள்!

"அத்தை, மொசல் பாட்டு" என்றாள் பேச்சி.

அங்கம்மா வாயைத் திறக்கவில்லை. ராக்கம்மா உள்ளே போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். வாசற்படிக்கு வந்து, காப்பிச் சரிவையும் அதற்கு அப்பால் கறுத்துக்கொண்டு வந்த காட்டையும் பார்த்தபடி உட்கார்ந்தாள். மடியில் போட்டு, முந்தானையால் பிள்ளையைத் தலையோடு மூடினாள். கட்டைக் குரலை எடுத்துவிட்டாள்.

ஒண்ணு எங்க ஒண்ணு எங்க ராக்கம்மா – அது
ஓடிப் போயி ஒளிஞ்சுக்கிச்சே ராக்கம்மா

"தப்பும்மா" என்றது முந்தானைக்குள் இருந்து.

"சும்மா படு."

"ராக்கு, வேண்டாம்டி" என்று அங்கம்மா பின்னால் எழுந்து வந்தாள். "பிள்ளைக்காரி நீ. உம் பேரைப் போடாத. எனக்கு யாரு இருக்கா? நான் பாடுறேன், நீ நிறுத்து."

"பெத்தவ நானு" என்றாள் ராக்கம்மா, திரும்பாமலே. இன்னும் சத்தமாக, காட்டுக்குக் கேட்கிற மாதிரி, "ராக்கம்மா" என்று இழுத்தாள்.

அங்கம்மா விடவில்லை. படியில் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் மலையைக் கட்டி இழுக்கிற குரல் ஆயிற்றே. அடுத்த அடியில் 'அங்கம்மா' என்று அவள் எடுத்த எடுப்பில் ராக்கம்மாவின் குரல் இருந்த இடம் தெரியவில்லை. ராக்கம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. இதிலும் இவள்தான் முந்த வேண்டுமா? நரம்பு புடைக்க, தொண்டையைக் கிழித்துக்கொண்டு தன் பேரைக் கத்தினாள்.

லயத்துக்காரர்கள் வெளியே வந்தார்கள். "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? அதே பேருச் சண்டையா?" என்று ஒருத்தி கேட்டாள். லெட்சுமணன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனான்.

பேச்சி முந்தானைக்குள் அப்போதே தூங்கிவிட்டாள். இரண்டு பேரும் பாட்டை நிறுத்தவில்லை.